டிக்சனரி அண்ணன்

மழை பெய்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "பிரிசிப்பிட்டேஷன் இன்செஸன்ட்டா இருக்கு" என்பார். கேட்பவர் யார் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பால்காரராக இருக்கலாம், பக்கத்து லயத்து அப்பாயியாக இருக்கலாம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிற றொசல்லயில் மழையைப் பற்றிப் பேச வாய்ப்புக்குப் பஞ்சமே கிடையாது. இலங்கையில் மழை கொட்டித் தீர்க்கும் இடங்களுள் வட்டவளைப் பக்கம் ஒன்று. ஆகவே அந்த இரண்டு சொல்லும் நல்ல புழக்கத்தில் இருக்கின்றன. அவர் சேர்த்து வைத்திருக்கும் மற்றச் சொற்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஊரில் அவருக்கு டிக்சனரி அண்ணன் என்று பெயர். றொசல்லக்காரர்கள் இவரைத் தங்களுக்கு மட்டும் கிடைத்த சொத்தாக நினைத்துக்கொள்வது வீண் பெருமை. கொட்டகலையில் ஒருவர் இருக்கிறார், நோர்வூட்டில் ஒருவர், பொகவந்தலாவையில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆள் எந்தத் தோட்டத்தவராக இருந்தாலும் அடையாளம் ஒன்றுதான். வயது முப்பதுக்கு மேல், உயர்தரம் தமிழில் படித்தவர். அதில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் தவறினாலும் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தடையில்லை என்பதால் வகுப்பில் மற்றவர்கள் அந்தப் பாடவேளையில் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் அதைக் காதலித்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி, அதற்குப் பொலித்தீன் உறை. அவரிடம் குடை இருக்காது. அவர் நனையலாம், கொப்பி நனையக்கூடாது.

அந்தக் கொப்பியை ஒருதரம் புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. சிவப்பில் சொல், நீலத்தில் பொருள், மூன்றாவது நிரலுக்கு 'எடுத்த இடம்' என்று தலைப்பு. மூன்றாவது நிரல்தான் அருமை. 'கொன்ட்ராஇன்டிகேஷன்' – அம்மாவின் பிரஷர் குளிசை மட்டை. 'ஹைக்ரொஸ்கொப்பிக்' – உரப்பை. 'நொட்வித்ஸ்டாண்டிங்' – தம்பியின் முச்சக்கரவண்டி லீசிங் கடிதம். 'டிலெக்டபிள்' – பெரியம்மா கொண்டுவந்த பிஸ்கட் பெட்டி. 'அப்ஸ்கொன்டட்' – வடை சுற்றி வந்த பேப்பர். எண்ணெய் பட்டு அந்தச் செய்தியின் மீதி தெரியவில்லையாம். யார் ஓடினார், எதைக் கொண்டு ஓடினார் என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. சொல் கிடைத்துவிட்டது, போதும். அந்த நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு குடும்பத்தின் நோய், கடன், நல்லநாள் எல்லாம் வரிசையாக வரும். முதல் நிரலை வாசித்தால் தலை சுற்றும்.

இந்த நோய்க்குப் பழைய வரலாறு உண்டு. 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சஞ்சிகை 1945 முதல் சொல்வளம் பெருக்கும் பக்கம் ஒன்றை நடத்திவந்தது. தொடங்கியவர் வில்ஃபிரட் ஃபங்க், அகராதி போட்ட குடும்பத்துப் பிள்ளை. சொல் கூடினால் இலாபம் என்பது அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே இருந்தது. 1949 இல் நோர்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வந்தது. பங்களாக்களில் வாசித்துக் கழித்தவை பழைய பேப்பர்க் கடைக்கு வந்து, அங்கிருந்து லயங்களுக்கு ஏறின. லத்தீன் வேர், கிரேக்க வேர் என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் அண்ணனுக்கு அந்த லூயிஸிடமிருந்து ஒட்டியது. தேயிலைச் செடியின் வேரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் அப்பாவுக்கு ஒரு மனக்குறை.

அண்ணனின் இப்போதைய குலதெய்வம் இந்திய அரசியல்வாதி சசி தரூர். 2017 இல் அவர் ஒரு ட்வீட்டில் 'ஃபராகோ' என்ற சொல்லைப் போட்டு இந்தியா முழுவதையும் அகராதி தேடவைத்தார். அடுத்த ஆண்டு, தன் புத்தகம் ஒன்றை அறிவிக்கும்போது, 29 எழுத்தில் ஒரு சொல்லை இறக்கினார்: 'ஃப்ளொக்சினோசினைஹிலிபிலிஃபிகேஷன்'. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்குவது என்பது அதன் பொருள். அதை ஒதுக்காமல் எடுத்துவைத்துக்கொண்டவர் அண்ணன். ஸ்டேசனுக்கு இறங்கும் வழியில் அதைச் சொல்லிப் பழகுவார். ஒருநாள் கடைசி அசை வருமுன் கோச்சி கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் நின்றபடி அவர் அந்தச் சொல்லை முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒரே பொருளுள்ள சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை. இதனால் நடந்த சேதம் கொஞ்சமில்லை. ஒரு பாடசாலையில் ஓய்வுபெற்ற பழைய அதிபருக்குப் பாராட்டு விழா. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச அண்ணனை ஏற்றினார்கள். 'ஓல்ட்' என்பது குழந்தைச் சொல் என்று இரவே முடிவுசெய்து, அதைவிட எடுப்பான ஒன்றைத் தேடி எடுத்திருந்தார். "அவர் ஒப்சொலீட் பிரின்சிப்பல்" என்று கையை விரித்துத் தொடங்கினார். சபை கைதட்டியது. அதிபர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் ஆங்கிலம் படிப்பித்தவர்.

கல்யாணமோ கருமாதியோ, ஒன்றையும் அவர் விடமாட்டார். சாவு வீட்டில் எல்லோரும் வாய்பொத்தி நிற்க, இவர் மட்டும் முன்னால் போய், "ஹார்ட்ஃபெல்ட் கொன்டொலன்ஸஸ்" என்பார். புருஷனைப் பறிகொடுத்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "சரி தம்பி, இருந்து ஒரு வாய் சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதைவிட அந்த அக்கா சொன்னதில் பொருள் கூடுதலாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கூரைத் தகரம் கதை ஒன்று இருக்கிறது.

ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், லயத்துக் கூரை பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தலைவர் சொல்லிப் பார்த்தார். தமிழில் மனுக் கொடுத்தார்கள். கிளாக்கர் வாங்கி வைத்துக்கொண்டார். துரை பார்த்தாராம், பார்ப்பாராம். கடைசியில் அண்ணன் பேனையை எடுத்தார். அவர் எழுதிய கடிதத்தின் உயிர்நாடியான பகுதி இது: எடிஃபிஸ் டிலாப்பிடேட்டட் ஆகிவிட்டது, பிரிசிப்பிட்டேஷன் 'பெர்க்கொலேட்ஸ் வித் இம்ப்யூனிட்டி', ஆதலால் நாங்கள் ரெட்ரெஸ் தேடக் 'கொன்ஸ்ட்ரெயின்ட்' ஆகிறோம், நொட்வித்ஸ்டாண்டிங். அந்த நொட்வித்ஸ்டாண்டிங்குக்குப் பிறகு முற்றுப்புள்ளி. எது நொட்வித்ஸ்டாண்டிங் என்று கேட்காதீர்கள். லீசிங் கடிதத்தில் பார்த்த அழகுக்காகப் போட்டது.

கிளாக்கர் அதை மூன்றுதரம் வாசித்துவிட்டுத் துரையிடம் கொண்டுபோனார். துரை கொழும்புப் பக்கத்து இளம் பையன். 'இம்ப்யூனிட்டி'யிலும் 'ரெட்ரெஸ்'ஸிலும் அவர் கண் நின்றது. இது லயத்திலிருந்து வந்த கடிதமில்லை, பின்னால் ஒரு லோயர் இருக்கிறார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது பிழை, ஆனால் அடுத்த கிழமை லொறியில் தகரம் வந்து இறங்கியது. நல்ல எளிய ஆங்கிலத்தில் "கூரை ஒழுகுது, தகரம் வேணும்" என்று எழுதியிருந்தால் அந்தத் தாள் தமிழ் மனுக்களின் மேல் படுத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றிலிருந்து அண்ணனுக்குப் புத்தி சொல்ல ஊரில் யாருக்கும் வாயில்லை. யாராவது சொல்லப் போனால், "தலைக்கு மேல பாருங்க" என்பார்.

தோட்டத்தில் ஆங்கிலத்தின் வேலையே மிரட்டுவதுதானே. அது மேலே பங்களாவில் எழுதப்பட்டு, கீழே வந்து அதட்டுகிற பாஷை. வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு சட்டைப்பைக் கைநூல் அச்சாகியது. அதன் பெயர் 'இங்கே வா'. 1915 இல் வந்த இன்னொன்றுக்கு 'கூலித் தமிழ்' என்றே பெயர். கூப்பிட, விரட்ட, வெட்டு என்று சொல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தமிழ் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அவர்கள் சொல் குறைவாக வைத்துக்கொண்டு மிரட்டினார்கள்; அண்ணன் நிறைய வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். நூறு வருஷக் கணக்கில் இதை நான் பெரிய குற்றமாக எழுதமாட்டேன்.

ஆனால் மிரட்டத் தேவையில்லாத இடத்துக்கு வந்தால் ஆள் விழுந்துவிடுகிறார். கொழும்பில் ஓர் இன்டர்வியூ. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா சிரித்த முகத்தோடு, "ஹவ் டிட் யூ கெட் ஹியர்?" என்று கேட்டார். அண்ணன் நிமிர்ந்தார். தன் வாழ்க்கைப் பயணத்தையே கேட்கிறார் என்று எண்ணி, "த்ரூ பெர்சிவியரன்ஸ் அண்ட் டிலிஜன்ஸ், மேடம்" என்று தொடங்கி, தாத்தா காலத்திலிருந்து வந்தார். அந்த அம்மா கேட்டது பஸ்ஸிலா கோச்சியிலா என்பதை.

இதுதான் அவருடைய சொல்வளத்தின் ஓட்டை, அதுவும் அடியில். 'கெட்' அவர் கொப்பியில் இல்லை. 'புட்', 'டேக்', 'ரன்' இல்லை. இதெல்லாம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் சொல், சிவப்பு மையை வீணாக்கக்கூடாது என்பது அவர் கட்சி. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று சொன்னால், மூன்று சில்லறைச் சொல் சேர்ந்து எப்படி ஒரு பெரிய பொருள் ஆகும் என்று சந்தேகப்படுவார். 'டொலரேட்' இருக்கும்போது அது எதற்கு என்பார். வங்காளத்தில் டாக்காவில் ஆங்கிலம் படிப்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்கள். சாதாரணமாக எழுதப்படும் ஆங்கிலத்தின் பெரும்பங்கு அந்த இரண்டாயிரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. 2000 இல் நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட், பல்கலைக்கழகப் படிப்புக்கென்று அதற்கு மேலே 570 சொற்குடும்பங்களைப் பொறுக்கி எடுத்தார். ஒரு நாவலையோ பத்திரிகையையோ யார் துணையுமின்றி வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் தேவை என்பது நேஷன் என்ற அறிஞரின் கணக்கு. அண்ணன் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார் என்று கேட்டால், ஒன்பதாயிரத்துக்கு மேலே கூரையில் உட்கார்ந்திருக்கிறார். ஏறின ஏணி எங்கே என்றுதான் தெரியவில்லை.

சொற்களைத் திரும்பப் பார்க்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. எழுதினால் முடிந்தது, பக்கம் புரண்டுவிடும். நானுஓயாவுக்கு ரயில் போன அதே 1885 இல் ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர், படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து ஒரு நூல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நிற்கும் என்பது அதன் சாரம். இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. அவருடைய அம்மா ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழு, பத்து நாளில் அதே மலைக்குத் திரும்ப வருகிறார். வராவிட்டால் இலை முற்றி, ஸ்டோரில் எடுக்கமாட்டார்கள். மகனின் சொல்லும் அப்படித்தான் முற்றிக் கிடக்கிறது. கொப்பியின் நடுப்பக்கத்தில் 'யுபிக்விட்டஸ்' என்று இருந்ததைக் காட்டி இதென்ன அண்ணே என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சொல்லின் பொருள், எங்கும் இருப்பது.

அப்பாயி ஒருநாள் கேட்டது இன்னும் நேரான கேள்வி. "ஏய்யா, ராத்திரி பகலா எழுதுறியே, இந்தக் கொப்பியில பேர் போட்டா சம்பளம் கெடைக்குமா?" அப்பாயிக்குத் தெரிந்த கொப்பி, வேலைக்கு வந்தவர் பேர் பதியும் செக்ரோல் ஒன்றுதான். பெரட்டு, செக்ரோல், கண்டக்டர், டிவிசன் என்று வாழ்நாள் முழுக்க ஆங்கிலச் சொற்களைப் புழங்கியே கூன் விழுந்தவர் அவர், கொப்பி இல்லாமலே.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். சிங்களத்துக்கு அவரிடம் கொப்பி இல்லை, அகராதி இல்லை, சிவப்புப் பேனை இல்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று, மரக்கறிக் கடையில் விலை பேசி, பக்கத்து கிராமத்துப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வந்தது. கடை முதலாளியிடம் அவர் சிங்களத்தில் விலை பேசுவதை ஒருதரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். லீக்ஸ் கட்டைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒரு பகிடி விட்டு, முதலாளியின் மகளின் பரீட்சையை விசாரித்து, கடைசியில் முப்பது ரூபா குறைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெரிய சொல் கூட அதில் இல்லை. முதலில் அவர் பிழை விட்டபோது அந்த முதலாளிதான் சிரித்தாராம், திருத்தினாராம், பிளேன்டி ஒன்றும் ஊற்றிக் கொடுத்தாராம். ஆங்கிலத்தில் பிழை விட்டபோது அவருக்குக் கிடைத்தது வகுப்பின் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பிளேன்டி கிடையாது. அதனால்தான் அவர் ஆளில்லாத இடத்தில் ஆங்கிலம் சேர்க்கிறார். குளிசை மட்டை சிரிக்காது.

பெரிய சொல் தேடாத ஆங்கிலமும் மலையகத்தில் இருந்திருக்கிறது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1947 இல் தலவாக்கலையில் நின்று பாராளுமன்றமும் போனார். அவருடைய ஆங்கிலத்தில் தப்படிச் சத்தமும் கொழுந்துக்கூடையும் இருக்கும். அகராதி தேடவைக்கும் ஆசை இராது. அண்ணனிடம் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஆனா வொக்காபியுலரி கொஞ்சம் சிம்பிள்" என்பார்.

உல்லாசப் பயணிகள் வரும் கோச்சியில் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. கதவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் மலையைக் காட்டி, "த பனோரமா இஸ் இன்எஃபபிள்" என்றார். அவள் சிரித்து, "யெஸ், நைஸ்" என்றாள். அவ்வளவுதான். அவள் எந்த நாடோ, அவளுக்கும் ஆங்கிலம் இரவல் பாஷையாக இருந்திருக்கலாம். அண்ணன் ஹட்டன்வரை பேசவில்லை. 'நைஸ்' என்ற சொல்லை ஒரு படித்த பெண் பயன்படுத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். காசு வாங்குவதில்லை. கோவில் மண்டபம்தான் வகுப்பறை. கண்ணால் வாசித்தே கற்ற மனிதர் என்பதால் எழுத்து எப்படியோ அப்படியே உச்சரிப்பார். 'சப்ட்டில்' என்று 'ப்'பை அழுத்திச் சொன்னார் ஒருநாள். சாதாரண தரம் படிக்கிற ஒரு பெண்பிள்ளை எழுந்து, "சேர், அத 'சட்ல்'னு சொல்லணும். யூடியூப்ல கேட்டேன்" என்றது. மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் பயந்தேன். அண்ணன் பையிலிருந்து அகராதியை எடுத்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிகளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தக் குறிகளை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தாரோ என்னவோ. பிறகு கொப்பியைத் திறந்து, சிவப்புப் பேனையால் திருத்தி, 'எடுத்த இடம்' என்ற நிரலில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினார். குளிசை மட்டைக்கும் உரப்பைக்கும் கீழே அந்த நிரலில் ஏறிய முதல் மனித ஜென்மம் அதுதான். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை இரண்டு மணிநேரம் அவரைத் திருத்தியதாகக் கேள்வி.

நீங்கள் மலைப்பக்கம் கோச்சியில் வந்தால், உங்கள் பெட்டியில் பொலித்தீன் உறை போட்ட கொப்பியோடு ஒருவர் ஏறி, "இஸ் திஸ் சீட் அன்ஒக்குப்பைட்?" என்று கேட்டால், தயவுசெய்து அவருக்கு அகராதி எதுவும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், நாலு வைத்திருக்கிறார். ஒதுங்கி இடம் விட்டு, பஸ் கிடைக்கவில்லையா, மழை எப்படி, வீட்டில் எத்தனை பேர் என்று எளிய ஆங்கிலத்தில் ஏதாவது கேளுங்கள். அவர் பிழை விட்டால் சிரியுங்கள், ஆனால் பக்கத்தில் இருந்து சிரியுங்கள். றொசல்லயில் ஏறினால் அடுத்த ஸ்டேசன் ஹட்டன். அதுவரை யாரும் தாங்கலாம்.